மண் இளகும் வரை

வின்னிபெக், எலிஸ் அவென்யூ. காலை எட்டு மணி,
இன்னும் விடியவில்லை. குளிர் மைனஸ் முப்பத்தொன்று.
பூட்டுக்குள் சாவி நுழைய மறுக்கிறது.
லைட்டர் சுடரில் சாவியைக் காட்டி
பிஸ்மில்லாஹ் சொல்லித் திருப்புகிறேன்.
அப்போதுதான் காலில் இடறுகிறது பை.

மறுபடியும்.

மளிகைக் கடைப் பை, இரண்டு முடிச்சு.
அவிழ்க்காமலே தெரியும்:
தையல் விட்ட குர்ஆன், அட்டை போன யாசீன்,
மதரஸாப் பிள்ளைகள் கிழித்த ஜுஸ்உகள்.
குப்பையில் போட மனம் வராது,
வீட்டில் வைக்க இடம் இருக்காது.
இரவில் வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு
விளக்கை அணைத்தபடியே காரை எடுத்துப் போகிறார்கள்.

லாப நோக்கமற்றது என்கிறது பதிவுச் சான்றிதழ்.
நோக்கம் இல்லாமலே லாபம் வந்திருந்தால்
நாங்கள் ஒன்றும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டோம்.
"லாபம் வேண்டாதவர்களுக்கு விலை எதற்கு?" என்று
பன்னிரண்டு டாலர் புத்தகத்தை
நேற்று ஒருவர் ஆறுக்குக் கேட்டார்.
கொடுத்துவிட்டேன். வர்சமேயிடம் சொல்லவில்லை.

வர்சமே பொருளாளர். இரவெல்லாம் டாக்சி,
பகலில் எங்கள் கணக்கு.
ரசீதைத் தூக்கிப் பிடித்து "நெர்மினா" என்பார்,
அவ்வளவுதான், மீதி எனக்குப் புரியும்.
பெய்ரூட்டிலிருந்து புறப்பட்ட நாற்பது பெட்டி
மொன்றியால் சுங்கத்தில் நாள்வாடகையோடு நிற்கிறது.
முன்பு வந்த பெட்டியிலோ
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து எல்லாம் தலைகீழ்.
ரமலான் விற்பனை பதினோரு மாதத்தைச் சுமக்க வேண்டும்.
அதிகம் விற்பது மிஸ்வாக், அப்புறம் ஒட்டக ஸ்டிக்கர்.
பத்து பாகத் தஃப்சீரை
முழுசாய்ப் படித்து முடித்தது தூசி மட்டும்தான்.

பின் அறையில் இப்போது அறுபத்தேழு பை.
வெள்ளைத் துணியில் சுற்றிக்
கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும்;
கபுறுஸ்தானில் வேலியோரம் இடம் தந்திருக்கிறார்கள்.
ஆனால் இந்த ஊர் மண் நவம்பரில் பூட்டிக்கொண்டால்
மே மாதம்தான் திறக்கும்.
மனிதருக்கென்றால் இயந்திரம் வைத்துச் சூடாக்கித் தோண்டுவார்கள்.
காகிதத்துக்கு மணிக்கு இருநூறு டாலர் யார் தருவது?

வாடகை இரண்டு மாதம் பாக்கி.
கட்டடக்காரர் லுபோமிர் வந்து பின் அறையை எட்டிப் பார்த்தார்.
"பை வைக்க ஓர் அறையா? காலி பண்ணு.
செல்போன் ரிப்பேர்க்காரன் ஒருவன் நானூறு தருவான்,
உன் பாக்கி தீரும்."
நல்ல மனதோடுதான் சொன்னார்.
விற்பனைக்கா இவை? இல்லை.
தானமா? இல்லை.
பின்னே?
ஆங்கிலத்தில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.
போஸ்னிய மொழியில் கிடைத்தது, அவருக்கு உதவாது.
"மே வரை" என்றேன்.
கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், போய்விட்டார்.
அது சம்மதமா என்று வர்சமே கேட்கிறார்.
தெரியாது.

ஒளுச் செய்த ஈரம் காயுமுன் இன்றைய பையைப் பிரிக்கிறேன்.
ஒவ்வொன்றாய் விரித்துத் தட்டுவேன்.
விழுவதற்கென்று ஒரு பிஸ்கட் டின் உண்டு:
மருந்துச் சீட்டு, ஒரு பால்பல், காலாவதியான பஸ் பாஸ்.
சூரத்துல் பகராவிலிருந்து
சுரண்டாத லாட்டரிச் சீட்டு ஒன்றுகூட விழுந்தது.
வர்சமே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று ஒன்றும் விழவில்லை.
நடுவில் ஓரிடத்தில் பென்சில் கோடு,
ஓரத்தில் தேதி, ஒன்பது வருஷத்துக்கு முந்தியது.
அதுவரை மூலைகள் விரல்பட்டுப் பழுத்திருந்தன.
அதற்கப்பால் தாள்கள் புத்தம் புதிது,
ஒன்றோடொன்று ஒட்டியபடி.

கடை திறக்க அரைமணி இருந்தது.
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
கோட்டுக்கு அடுத்த வரியிலிருந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓதத் தொடங்கினேன்.
இரண்டு பக்கம் போயிருக்கும்,
கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

மிஸ்வாக் இருக்கிறதா?